பிரிப்பதும் பகிர்வதும்
பேராசிரியர் ஜெயரத்தினம் வில்சனின் ஆராய்ச்சி: ஒரு மதிப்பீடு

ஒரே பதவிக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குவதைச் சிராங்கூன் சாலையில் ஒரு நாழிகை நின்றால் கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் ‘குடியரசுத் தலைவர்’ என்பார். இலங்கையர் ‘சனாதிபதி’ என்பார். சிங்கப்பூரர் ‘அதிபர்’ என்பார். இந்தக் கடைசிச் சொல்லை யாழ்ப்பாணத்தார் ஒருவரிடம் சொன்னால் அவர் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்வார். அங்கே பள்ளித் தலைவர்தாம் அதிபர். இது வெறும் வழக்கு வேறுபாடு என்று தள்ளிவிடலாம். ஆனால், பெயர் வேறுபடுவது போலவே பெயர் குறிக்கும் பொருளும் வேறுபடுகிறது. புதுடில்லியில் இருப்பவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர். சிங்கப்பூரில் இருப்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நாட்டின் சேமிப்புக்குக் காவலராய் நிற்பவர். கொழும்பில் இருப்பவரோ தாமே அரசாங்கத்தின் தலைவர்.

இதனினும் பெரிய சொற்குழப்பம் ஒன்று உண்டு. சட்டம் இயற்றுதல், ஆட்சி நடத்துதல், நீதி வழங்குதல் ஆகிய மூன்றும் ஒரே கையில் அடங்கலாகாது என்னும் கொள்கையைப் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748-இல் விளக்கி எழுதினார். இதனை இலங்கைப் பாடநூல்கள் ‘வலுவேறாக்கம்’ என்று வழங்கும். தமிழ்நாட்டு நூல்கள் ‘அதிகாரப் பிரிவினை’ என்னும். தலைநகரின் அதிகாரத்தில் ஒரு பங்கை மாநிலங்களுக்கோ மாகாணங்களுக்கோ கொடுப்பது வேறு. அது ‘அதிகாரப் பகிர்வு’. முன்னது ஒரே தளத்தில் நிற்கும் மூன்று துறைகளைப் பற்றியது. பின்னது மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது. இவ்விரண்டும் மாணவர் கட்டுரைகளில் ஒன்றோடொன்று கலந்து போவதை ஆசிரியர் பலர் கண்டிருப்பர்.

இரண்டும் வேறு என்பது மெய்யே. ஆயினும் முன்னது இல்லாத இடத்தில் பின்னது நிலைக்காது. பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சனின் நூல்களை வரிசையாக வைத்துப் படிப்பவர்க்குக் கிடைக்கும் முடிபு இதுவே. அம்முடிபுக்கு அவருடைய எழுத்து மட்டுமன்று, அவருடைய வாழ்க்கையே சான்றாகிறது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் நூல்களும்

வில்சன் 1928-இல் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் அரசறிவியல் கற்பித்து, அத்துறையின் முதற் பேராசிரியராக விளங்கினார். 1972-இல் கனடா சென்று நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 2000-இல் காலமானார். தமிழரசுக் கட்சித் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் அவருக்கு மாமனார். அச்செல்வநாயகம் பிறந்த ஊர் மலாயாவின் ஈப்போ என்பது நம் வாசகர்க்கு நினைவூட்டத் தக்கது. யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்து இவ்விரு நாடுகளிலும் குடியேறிய குடும்பங்கள் பல. ஆகவே, இப்பேராசிரியர் ஆராய்ந்த பொருள் நமக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று.

அவர் எழுதியவற்றுள் நம் ஆய்வுக்கு வேண்டியவை மூன்று. 1947 முதல் 1973 வரையிலான இலங்கை அரசியலைக் கூறும் நூல் 1974-இல் வெளிவந்தது. 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆராயும் நூல் 1980-இல் வந்தது. ‘ஆசியாவில் டி கோல் ஆட்சிமுறை’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். மூன்றாவது, இலங்கை உடைந்த கதையைச் சொல்லும் 1988-ஆம் ஆண்டு நூல். இம்மூன்றையும் தனித்தனி நூல்களாகக் கருதுவதினும், ஒரு நீண்ட வாதத்தின் மூன்று படிகளாகக் கருதுவதே பொருத்தம்.

எழுதாத சுவர்

1980-ஆம் ஆண்டு நூலை எடைபோடுமுன், அந்நூலுக்கு முந்திய இலங்கை எவ்வாறு இருந்தது என்பதைக் காண வேண்டும். 1947-இல் நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியலமைப்பில் வலுவேறாக்கம் என்ற சொல்லே இல்லை. அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலேயே அமர்ந்திருந்தனர். ஆயினும், அவ்வமைப்பில் எழுதப்படாத சுவர் ஒன்று இருந்தது என்பதை இரண்டு வழக்குகள் காட்டின.

1962 சனவரியில் இராணுவ, போலீஸ் அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்க முயன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டனர். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. நடந்து முடிந்த செயலுக்குப் பிறகு செய்யப்பட்ட சட்டம் அது. தண்டனையையும் சாட்சிய விதிகளையும் அது மாற்றியது. வழக்கை விசாரிக்கும் நீதிபதிகளைப் பெயர் குறித்து அமர்த்தும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. பதினொருவர் தண்டிக்கப்பட்டனர். 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் அத்தண்டனையை நீக்கியது. நீதி வழங்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது. எழுதியிராவிட்டாலும் அரசியலமைப்பின் அமைதியிலேயே அது அடங்கியிருக்கிறது. குறித்த சிலரைத் தண்டிக்கும் பொருட்டுச் சட்டம் செய்வது நீதித்துறையின் இடத்தைக் கவர்வதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். லியனகே வழக்கு எனப்படும் இது, உலகெங்கும் சட்ட மாணவர் பயிலும் வழக்காயிற்று.

மற்றது கோடீஸ்வரன் வழக்கு. சிங்களத் தேர்வில் தேறாமையால் ஊதிய உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் அரசு ஊழியர் அவர். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே செல்லாது என்று 1964-இல் மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் செய்யலாகாது என்னும் 29-ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. அரசு ஊழியர் ஊதியத்துக்காக வழக்கிட முடியாது என்று கூறி 1967-இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கிட முடியும் என்று 1969-இல் பிரிவி கவுன்சில் கூறிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் தொடாமல் வழக்கைத் திருப்பி அனுப்பியது. விடை வருமுன் கேள்வியே மறைந்தது. பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் வழி 1971-இல் அடைபட்டது. 1972 மே 22-இல் பிறந்த குடியரசு அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவுக்கு இடமில்லை. தேசிய அரசுப் பேரவையே அரசின் மேலான கருவி என்றும், மூவகை அதிகாரமும் அதன் வழியே செலுத்தப்படும் என்றும் அது விதித்தது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் பின்னர்ச் சோதிக்க வழியில்லை.

தமிழருக்கு ஒரு பங்கு அதிகாரம் வேண்டும் என்ற வாதம் அக்காலத்தில் மேடைதோறும் எழுந்தது. ஆனால் உள்ள பாதுகாப்பைக் காத்து நின்ற சுவர் நீதிமன்றம். அது இடிந்த ஓசையை மேடைப் பேச்சு மறைத்துவிட்டது எனலாம்.

பிரெஞ்சு ஒப்புமை எவ்வளவு பொருந்தும்?

1977 தேர்தலில் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140 இடங்களைப் பெற்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களுடன் எதிர்க்கட்சியாயிற்று. நாள்தோறும் மாறும் கட்சிப் பெரும்பான்மையைச் சாராத வலிய தலைமை வேண்டும் என்பது ஜெயவர்த்தனாவின் நெடுநாள் எண்ணம். 1966 டிசம்பரிலேயே அதனை அவர் அறிவியலாளர் சபையொன்றில் வெளியிட்டிருந்தார். 1978 பிப்ரவரி 4-இல் அவர் சனாதிபதியானார். அவ்வாண்டு செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு வந்தது.

இதனை வெறும் அமெரிக்க முறை என்றோ பிரித்தானிய முறையின் திரிபு என்றோ கூறாமல், டி கோலின் ஐந்தாம் குடியரசோடு இணைத்துக் காட்டியது வில்சனின் நூல். புதிய அமைப்பு தோன்றி இரண்டே ஆண்டில் அதனை உலக அரசியல் வரலாற்றில் ஓர் இடத்தில் வைத்துப் பார்த்த துணிவு பாராட்டத் தக்கது. அக்காலத்தில் பலர் புதிய அமைப்பை வாழ்த்தினர் அல்லது வைதனர். விளங்கிக்கொள்ள முயன்றவர் சிலரே. அவர்களுள் வில்சன் முன்னிற்பவர்.

ஆனால் ஒப்புமையை முற்றாக நடத்திப் பார்த்தால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. பிரான்சில் சனாதிபதிக்கும் மக்கள் சபைக்கும் அக்காலத்தில் தேர்தல்கள் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தன. பதவிக்காலமும் ஏழு ஆண்டு, ஐந்து ஆண்டு என வேறுபட்டது. ஆகவே மாற்றுக் கட்சியின் சபை சனாதிபதியை எதிர்கொள்ள இடமிருந்தது. 1986-இல் மித்தரான் சனாதிபதியாகவும் எதிரணியைச் சேர்ந்த சிராக் பிரதமராகவும் அமர்ந்தபோது அது மெய்யாயிற்று. இலங்கையின் முதற் சனாதிபதியோ அப்பதவிக்கென நடந்த தேர்தலில் வென்று வந்தவர் அல்லர். பிரதமராய் இருந்தவர் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அப்பதவியில் அமர்ந்தார். அவர் பின்னே ஆறில் ஐந்து பங்கு உறுப்பினர் இருந்தனர். பிறக்கும்போதே இரண்டு அதிகாரங்களும் ஒரே கையில் இருந்தன.

மூன்றாவது அதிகாரமும் தப்பவில்லை. 1974 முதல் பிரெஞ்சு எதிர்க்கட்சியினர் அறுபது பேர் கூடினால் ஒரு சட்டத்தை அரசியலமைப்பு மன்றத்தின் முன் நிறுத்தலாம். இலங்கையிலோ சட்டமுன்வரைவை எதிர்க்கும் குடிமகனுக்கு அன்று ஒரு வாரமே தவணை இருந்தது. ‘அவசரம்’ என்று அமைச்சரவை முத்திரையிட்டால் அதுவும் இருக்கவில்லை. புதிய அரசியலமைப்பு வந்தவுடன் உயர் நீதிபதிகளின் பதவிகள் முடிந்தனவாகக் கொள்ளப்பட்டன. அவர்களுள் சிலர் மீண்டும் அமர்த்தப்படவில்லை. இத்துணை வேறுபாட்டுக்குப் பின்னும் ‘டி கோல் முறை’ என்ற பெயர் தகுமா? பெயர் ஒரு நாட்டின் மதிப்பை மற்றொரு நாட்டுக்குக் கடன் கொடுத்துவிடுகிறது. நூலின் பெரிய குறை அதன் பெயரிலேயே உள்ளது என்று கருதுகிறோம்.

தீவே ஒரு தொகுதி

சனாதிபதி முறைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்டு வந்த நியாயம் ஒன்று தமிழருக்கு இனிப்பானது. தீவு முழுவதும் ஒரே தொகுதியாவதால், பெரும்பான்மைச் சமூகத்தின் வாக்கு இரண்டாகப் பிரியும்போது சிறுபான்மையரின் வாக்கே முடிவு செய்யும். ஆகவே ஒவ்வொரு வேட்பாளரும் தமிழரை நாடி வருவர் என்பது அது.

நடந்தது யாது? 2005-இல் விடுதலைப் புலிகள் விதித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. ஏறத்தாழ 1,80,000 வாக்கு வேறுபாட்டில் மகிந்த ராஜபக்ச வென்றார். 2015-இல் தமிழரும் முஸ்லிம்களும் திரண்டு வாக்களித்தனர்; மைத்திரிபால சிறிசேன வென்றார். அவ்வாண்டு மட்டும் பார்த்தால் அந்நியாயம் மெய்ப்பட்டது எனலாம். 2019-இல் வடக்கும் கிழக்கும் எதிர்த்து வாக்களித்தும், கோட்டாபய ராஜபக்ச நூற்றுக்கு 52-க்கு மேல் பெற்று வந்தார். சிறுபான்மையர் தயவின்றியும் தீவை வெல்லலாம் என்று அது காட்டிற்று. வாக்குச்சீட்டு ஒருவரை அப்பதவியில் ஏற்றிவிடத் துணைசெய்யலாம். ஏறிய பின் அவரைத் தடுக்க அது போதாது. தேர்தல் நாளன்று உள்ள பலம் மறுநாள் இல்லை.

இடைநின்ற ஐந்தாண்டு

1978 முதல் 1983 வரை வில்சன் நூலறையில் மட்டும் இருக்கவில்லை. ஜெயவர்த்தனாவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையே தூது சென்றார். 1979-இல் அமைக்கப்பட்ட அபிவிருத்திச் சபைகள் பற்றிய ஆணைக்குழுவில் உறுப்பினராகவும் இருந்தார். அவ்வழியில் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் 1980-இல் சட்டமாயின. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட அமைச்சர் இருந்தார். அவரை அமர்த்துபவர் சனாதிபதி. பணமோ சொற்பம். பகிர்ந்து கொடுத்த அதிகாரத்தின் தலைமேலேயே கொடுத்தவரின் ஆள் அமர்ந்திருந்தார்.

1981 சூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சபைக்குத் தேர்தல் வந்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. 1982-இல் ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்து தேதியிடாத பதவி விலகல் கடிதங்களைச் சனாதிபதி வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பு ஒன்றை நடத்தி, இருந்த நாடாளுமன்றத்தின் ஆயுளையே நீட்டினார். 1983 சூலையில் தமிழர் மீது படுகொலை நிகழ்ந்தது. ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தத்தின் சத்தியப் பிரமாணத்தை ஏற்காமையால், தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தங்கள் இடங்களை இழந்தனர். தூதுக்கு ஒரு முனையே இல்லாமற் போயிற்று.

அரசனுக்குத் தவறு கண்டபோது கடிந்துரைக்கும் துணைவர் வேண்டும் என்பதை வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். நம் ஆசிரியர்கள் அதனை ஆண்டுதோறும் கற்பிக்கின்றனர். ஆயினும் அத்துணைவரை வைத்துக்கொள்வதும் விட்டுவிடுவதும் அரசன் விருப்பம். மாண்டெஸ்கியூ கேட்டது வேறு. கடிந்துரைப்பார்க்கு அரசன் தயவால் அன்றி உரிமையால் இடம் வேண்டும் என்பது அவர் கொள்கை. வில்சன் பெற்றிருந்தது முதல்வகை இடம். அவர் சொல் கேட்கப்பட்டவரை அவர் துணைவர். கேட்கப்படாதபோது அவர் கனடாவில் ஒரு பேராசிரியர். வலிய சனாதிபதி தம் கட்சியையும் மீறித் தமிழருக்கு நீதி செய்யக்கூடும் என்ற நம்பிக்கை அத்தூதின் அடியில் இருந்தது. தனியாகக் கொடுக்க வல்லவர் தனியாக மறுக்கவும் வல்லவர் என்பதை அந்நம்பிக்கை கணக்கில் கொள்ளவில்லை.

அரசறிவியலாளர் ஆட்சியாளர் வாசலுக்குப் போனதே பிழை என்று சிலர் கூறுவர். அதனை நாம் ஏற்கவில்லை. இரு தரப்பாரும் நம்பத்தக்க இடையாளர் அரிதாய் இருந்த காலம் அது. உயிர்கள் போகும் வேளையில் கற்றவர் கைகட்டி நிற்பது நன்றன்று. மேலும், தாம் இடைநின்ற காலத்தை 1988-ஆம் ஆண்டு நூலில் அவரே எழுதி வைத்தார். அந்நூல் இன்றேல், மூடிய அறைகளில் நடந்த பல பேச்சுகள் வரலாற்றுக்குக் கிடைத்திரா. 1980-ஆம் ஆண்டு நூலைத் தனியே படிப்பவர் அதனை மதிப்பர். 1988-ஆம் ஆண்டு நூலோடு சேர்த்துப் படிப்பவரே அதனை விளங்கிக்கொள்வர். முதல் நூல் அமைப்பின் வரைபடம். இரண்டாவது நூல் அவ்வமைப்பினுள் நடந்து பார்த்தவரின் வாக்குமூலம்.

அவர் இடைநின்ற காலத்துக்குப் பின் நடந்தவையும் இதனையே உறுதி செய்கின்றன. 1987-இல் மாகாண சபைகள் வந்தன. மாகாணத்தின் ஆட்சி அதிகாரம் சனாதிபதி அமர்த்தும் ஆளுநரிடம் வைக்கப்பட்டது. 2019-க்குள் எல்லாச் சபைகளின் காலமும் முடிந்து, மாகாணங்கள் ஆளுநர்களின் கீழ் வந்தன. மறுபுறம், 2018-இல் சனாதிபதி நாடாளுமன்றத்தைக் காலத்துக்கு முன் கலைத்தபோது, அது செல்லாது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2015-ஆம் ஆண்டின் பத்தொன்பதாம் திருத்தம் சனாதிபதியின் கையைச் சற்றே கட்டியிருந்தமையால் அது இயன்றது. சுவரில் ஒரு கல் மீண்டும் வைக்கப்பட்டால்கூடப் பயனுண்டு என்பதற்கு இது சான்று.

நமக்கு என்ன?

2022 சூலை 14-இல் கோட்டாபய ராஜபக்ச மாலைத்தீவு வழியாகச் சிங்கப்பூர் வந்து இறங்கினார். தம் பதவி விலகல் கடிதத்தை இங்கிருந்தே அனுப்பினார். 1978-இல் யாராலும் அசைக்க முடியாததாகக் கட்டப்பட்ட பதவி, சாங்கி விமான நிலையத்துக்கு வந்து தன்னை விடுவித்துக்கொண்டது. இடையில் தடுப்பார் எவரும் இல்லாத பதவியைத் தெருவில் திரண்ட மக்களே கடைசியில் தடுக்க வேண்டியதாயிற்று. அது நல்ல வழி அன்று. வேறு வழி அடைபட்டதன் விளைவு.

சிங்கப்பூரிலும் அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலேயே அமர்கின்றனர். ஆகவே அமெரிக்காவில் உள்ளது போன்ற முழுப் பிரிவினை இங்கு இல்லை. ஆயினும் 2012-இல் முகம்மது ஃபைசல் சப்து வழக்கில், வலுவேறாக்கம் சிங்கப்பூர் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று உயர் நீதிமன்றம் கூறிற்று. 1991-இல் கொண்டுவரப்பட்ட தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் பதவி, ஆட்சி செய்யும் பதவி அன்று. முந்திய அரசாங்கங்கள் சேர்த்த பணத்தை எடுக்கவும், முக்கிய நியமனங்களைச் செய்யவும் இரண்டாவது சாவி அவரிடம் உள்ளது. அவர் தம் ஆலோசகர் மன்றத்தின் கருத்துக்கு மாறாக மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதனை மீறலாம். தடுப்பவரையும் தடுக்க வழி வைத்த அமைப்பு இது. இங்கும் எல்லை எது என்ற கேள்வி எழாமல் இல்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டக் காவல் ஆணைகளை நீதிமன்றம் சோதிக்கலாம் என 1988 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூற, 1989 சனவரியிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அச்சோதனையைக் குறுக்கியது. எந்த நாடும் இப்பாடத்தைப் படித்து முடித்துவிட்டதாகக் கூற இயலாது.

வகுப்பில் வலுவேறாக்கத்தைக் கற்பிப்போர் இலக்கணம் சொல்லி நிறுத்தாமல், ஒவ்வொரு பதவியைப் பற்றியும் மூன்று கேள்விகளை மாணவர் கேட்கப் பழக்கலாம். இவரைத் தடுக்க வல்லவர் யார்? தடுப்பவரை இவரே நீக்க முடியுமா? இவர் இன்று பகிர்ந்து கொடுத்ததை நாளை தனியே திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பை இம்மூன்று கேள்விகளால் சோதித்திருந்தால், 1981-இல் யாழ்ப்பாணத்தில் நடந்த அபிவிருத்திச் சபைத் தேர்தலின் மதிப்பு அன்றே விளங்கியிருக்கும்.

வில்சனின் நூல்களில் விடைகளைவிட வினாக்களே வாழ்கின்றன. ஓர் அறிஞரின் நம்பிக்கை பொய்த்ததை அவர் எழுத்திலிருந்தே நாம் அறிந்துகொள்ள முடிகிறது என்றால், அவ்வெழுத்து நேர்மையானது என்பதற்கு வேறு சான்று வேண்டா. அவற்றை 1974, 1980, 1988 என்ற வரிசையிலேயே படிக்குமாறு தமிழாசிரியர்களை வேண்டுகிறோம். நடுவில் உள்ளதை மட்டும் படிப்பது பாதி வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும்.